அரக்கரைத் தீட்டிய தூரிகை

இளவரசன் இராமனின் கதையைக் கூறும் ஜப்பானிய ஓவியப்படம் பற்றி நாம் எழுதிய திறனாய்வு, பலரைச் சிந்திக்கவும் சிலரைச் சினங்கொள்ளவும் செய்திருக்கிறது. இரண்டும் நன்றே! படித்துவிட்டுப் பேசாதிருப்போரினும் மறுத்து மடல் தீட்டுவோர் மேலானவர். அவர்களுக்கு விடை கூறுவது நம் கடமை.

வந்த மடல்கள் மூவகை. "அனிமே என்பது இளைஞரின் இன்பப் பொழுதுபோக்கு, அதற்குள் ஆரியத்தையும் திராவிடத்தையும் ஏன் இழுக்கிறீர்கள்?" என்பது முதல் வகை. "பகுத்தறிவு ஏட்டில் இராமாயணப் படத்தின் ஓவியத்தைப் புகழலாமா?" என்று தோழர்கள் சிலர் கடிந்துகொள்வது இரண்டாம் வகை. "எங்கள் உள்ளம் புண்பட்டது; இனி எழுதாதீர்" என்பது மூன்றாம் வகை.

படத்தின் வரலாற்றை முதலில் நினைவூட்டுவோம். ஜப்பானியரான யூகோ சாகோவும் கோயிச்சி சசாகியும், நம் நாட்டு ஓவியப்பட முன்னோடி இராம் மோகனும் சேர்ந்து இயக்கிய படம் அது. 1993-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கணிப்பொறியின் துணையின்றி, நூற்றுக்கணக்கான ஓவியர்கள் கையால் வரைந்தது. 2025 சனவரியில் புதுப்பொலிவு பெற்று, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பேசி, நம் திரையரங்குகளுக்கு வந்தது. காட்டையும் கடலையும் ஒளியையும் நிழலையும் அந்தக் கைகள் தீட்டிய திறத்தை நாம் புகழ்ந்தோம். தாடகையைக் கோர உருவாகவும், இலங்கைப் படையினரைக் கோரைப்பல் கூட்டமாகவும் காட்டிய கருத்தை மறுத்தோம். உத்தர காண்டத்தைத் தொடாமல், கருவுற்ற சீதை காட்டுக்கு அனுப்பப்பட்டதையும், தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் தலை இழந்ததையும் மறைத்து, மகிழ்ச்சியோடு முடித்ததைச் சுட்டினோம். அவ்வளவே.

முதல் வகை மடல்களுக்கு வருவோம். ஓவியப்படத்தில் அரசியல் இல்லை என்கிறார்கள். ஜப்பானிய வரலாறே அதற்கு விடை தரும்! மொமோதாரோ என்பது அந்நாட்டுக் குழந்தைகள் அனைவரும் அறிந்த பழங்கதை. பீச்சுப் பழத்திலிருந்து பிறந்த சிறுவன், நாயையும் குரங்கையும் காட்டுக்கோழியையும் துணை கொண்டு, கடல் கடந்து அரக்கர் தீவுக்குச் சென்று, அரக்கரை வென்று செல்வத்தோடு திரும்புகிறான். குரங்குப் படை, கடல் கடந்த தீவு, அங்கே அரக்கர் – எங்கோ கேட்டது போல் இருக்கிறதல்லவா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியக் கடற்படை இந்தக் கதையைக் கையில் எடுத்தது. 1943-இல் வந்த படத்தில் அரக்கர் தீவு எது தெரியுமா? அமெரிக்கரின் முத்துத் துறைமுகம்! 1945-இல் வந்தது, ஜப்பானின் முதல் முழுநீள ஓவியப்படம் எனப்படும் 'மொமோதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்'. அதில் ஆங்கிலேயப் படைத்தலைவர்களுக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது. யாரை அழிக்க வேண்டுமோ அவனுக்கு முதலில் கொம்பு வரை. பிறகு அவனைக் கொல்வது கொலையாகத் தோன்றாது! இது ஆரியம், திராவிடம் என்ற பூசல் இல்லாத நாட்டில் நடந்தது. இந்தச் சூழ்ச்சியைச் சுட்டுவது அரசியலை இழுப்பதா? முன்பே அமர்ந்திருக்கும் அரசியலை அடையாளம் காட்டுவதா?

அந்நாட்டிலும் அதை அடையாளம் காட்டிய அறிஞன் இருந்தான். 'ராஷோமோன்' கதையால் உலகப் புகழ் பெற்ற அகுதாகவா, 1924-இலேயே மொமோதாரோ கதையை அரக்கர் பக்கம் நின்று எழுதினான். அவனுடைய அரக்கர்கள் அழகிய தீவில் அமைதியாக வாழ்கிறார்கள். மனிதர் கொடியவர் என்று சொல்லித் தம் பேரக்குழந்தைகளை அச்சுறுத்துகிறார்கள். படையெடுத்து வந்தவனிடம், "நாங்கள் இழைத்த பிழை யாது?" என்று அரக்கர் தலைவன் கேட்கிறான். தகுந்த விடை இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1946-இல் புலவர் குழந்தை 'இராவண காவியம்' படைத்துத் தமிழில் அதே வினாவை எழுப்பினார். காங்கிரசு ஆட்சி 1948-இல் அந்நூலுக்குத் தடை விதித்தது. கழக ஆட்சியில் 1971-இல்தான் தடை நீங்கியது. வினாவைக் கண்டு அஞ்சியவர்கள் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனித் தோழர்களின் சினம். ஓவியத்தைப் புகழ்ந்தது தகுமா என்கிறார்கள். 1945-இல் அந்தப் போர்ப்படத்தை ஒசாகா நகரில் பார்த்த ஓர் இளைஞன், அதன் அழகில் உள்ளம் உருகினான். பின்னாளில் ஜப்பானிய ஓவியக்கதையின் தந்தை எனப் போற்றப்பட்ட தெசூகா ஒசாமுதான் அவன். படையெடுப்புக்குப் பரணி பாடிய படத்திலிருந்து அவன் கலையைக் கற்றான். ஆனால், போரை வெறுக்கும் கதைகளை வாழ்நாளெல்லாம் படைத்தான். கலையைக் கொள்ளவும் கருத்தைத் தள்ளவும் மனிதனால் முடியும் என்பதற்கு அவன் சான்று.

நம் வழியும் அதுதானே? 1943-இல் சென்னையிலும் சேலத்திலும் அறிஞர் அண்ணா சொற்போர் நடத்தியபோது, கம்பனுக்குக் கவி பாடத் தெரியாது என்றா வாதிட்டார்? அந்தக் கவித்திறம் எந்தக் கருத்துக்குக் காவல் நின்றது என்றல்லவா கேட்டார்! எதிரியின் வாளுக்குக் கூர்மையில்லை என்று சொல்லிக்கொள்வது வீரமன்று. கூர்மையை அறிந்தவனே கேடயம் செய்வான்.

மூன்றாம் வகையினருக்கு ஒரு செய்தி. 1983-இல், யூகோ சாகோ இராமாயணத்தைப் படமாக்குகிறார் என்று நாளேட்டுச் செய்தி ஒன்றால் தவறாக எண்ணி, அயல்நாட்டான் இராமனைத் தீண்டலாமா என்று விசுவ இந்து பரிசத்து ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்பு மடல் விடுத்தது. உண்மையில் அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்தது அகழாய்வு பற்றிய ஆவணப்படம்! 2025-இலோ, அதே யூகோ சாகோவின் படம் பெருமையோடு திரையிடப்பட்டது. புண்பட்ட உள்ளம் எப்போது ஆறியது? எந்த மருந்தால் ஆறியது? புண்படுதலை அளவுகோலாகக் கொண்டால், அந்தப் படமே பிறந்திராது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் நமக்குத் துணை. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூலின் இந்திப் பதிப்பை உத்தரப் பிரதேச அரசு 1969-இல் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. 1976-இல் உச்சநீதிமன்றமும் அரசின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. நாம் படத்தைத் தடை செய்யக் கோரவில்லை; கோரவும் மாட்டோம். தடையின் வலி அறிந்த இயக்கம் இது.

எங்கள் உத்தனப்பள்ளி வட்டாரத்துக் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் ஒலிக்கும். இந்த ஓசூர்ப் பகுதித் தொரப்பள்ளியில் பிறந்த இராசாசி எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. ஆகவே, இராமன் கதை கேட்க இங்குள்ள குழந்தை ஜப்பான் செல்ல வேண்டியதில்லை. அதற்குக் கிடைக்காதது மறுபக்கம் மட்டுமே. அந்தக் குழந்தை கருநிறத்தையும் பெரும் பல்லையும் திரையில் கண்டு கைகொட்டிச் சிரிக்கிறது. அடுத்த நாள் வகுப்பில், தன்னைவிடக் கறுத்த தோழனை 'அரக்கன்' என்று அழைக்கிறது. யாருடைய தூரிகை அந்தச் சொல்லைக் கற்பித்தது என்று கேட்பது ஆசிரியனின் வேலையன்றோ?

எனவே, இளைஞர்களே, படத்தைப் பாருங்கள். பார்த்தபின் 'இராவண காவியம்' படியுங்கள். தூரிகை பிடிக்கத் தெரிந்தோர், தாடகையை அவள் காட்டில் நின்று தீட்டுங்கள். இலங்கைத் தாய் தன் குழந்தைக்குச் சொல்லும் கதையைப் படமாக்குங்கள். கணிப்பொறி கைக்கு வந்துவிட்ட காலம் இது. கலை ஓரினத்தின் உடைமையன்று. மடல் எழுதிச் சினந்தோரும் அப்படத்தைக் காண வரட்டும். ஒப்பிட்டு உண்மை தெளியட்டும்!