பிடிக்க வேண்டாம், தாங்கினால் போதும்

கிரேன் பிரேக்கைச் சுமை இறங்கும்போது எடை போடுகிறவர்கள் பலர். நான் பார்ப்பது, அந்தரத்தில் நிற்கும் சுமை மறுபடி மேலே கிளம்பும் கணத்தை. பட்டனை அழுத்தியதும் கொக்கி ஒரு விரற்கடை தாழ்ந்து பிறகு ஏறினால், செட்டிங்கில் யாரோ கோட்டை விட்டிருக்கிறார்கள். மோட்டார் பாரத்தை வாங்கும் முன்பே பிரேக் விட்டுவிட்டது.

ஏற்காடு அடிவாரத்துப் பட்டறை ஒன்றின் 5 டன் ஹாய்ஸ்டில் அந்தத் தாழ்வே கிடையாது. ரோப் டிரம்மில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தேன். முதலில் மோட்டாரின் முனகல், அப்புறம் ‘டக்’, பிறகு கோடு மேலே மட்டுமே நகர்ந்தது. மோட்டாரில் கரன்ட் ஏறியதை டிரைவ் உறுதி செய்த பிறகே பிரேக் திறக்கிறது. நிறுத்தும்போது, பிரேக் விழுந்து உட்கார்ந்த பின்தான் மோட்டார் கையை எடுக்கிறது.

செட் செய்த எலக்ட்ரீஷியன் பிடிவாதக்காரர். பிரேக் சப்ளையை டிரைவ் அவுட்புட்டில் தொடவே இல்லை; தனி லைன். ரெக்டிஃபயர் முதலில் 230 வோல்ட்டை முழு அலையாக்கி, சுமார் 207 வோல்ட் டிசியில் ஆர்மேச்சரை இழுக்கிறது. இழுத்த கையோடு அரை அலைக்கு, 103-க்கு, இறங்கிவிடுகிறது. இடைவெளி மூடியபின் அது போதும், காயிலும் சூடாகாது.

என்னைச் சொக்க வைத்தது வேறு. அவர் கரன்ட்டை வெட்டுவது டிசி பக்கத்தில். ஏசி பக்கம் மட்டும் வெட்டினால், காயிலில் மிச்சமுள்ள கரன்ட் டயோடு வழியே சுற்றிச் சுற்றி மெல்லத்தான் சாகும். பிரேக்கும் சோம்பல் முறித்துத்தான் விழும். எமர்ஜென்சியில் அந்தச் சோம்பல் முழுக்கச் சுமை கீழே போய்க்கொண்டிருக்கும். டிசி பக்கம் வெட்டினால் உடனே பிடி. கான்டாக்ட் கருகாதிருக்கக் காயிலுக்குக் குறுக்கே ஒரு வேரிஸ்டர். டிசி பக்கம் வெட்டும் அந்த இரண்டு ஒயரைப் பார்க்கவே பேனலைத் திறக்கச் சொல்வேன்.

த்ரஸ்டர் பிரேக் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். எண்ணெயில் நிதானமாக இறங்கும் அதன் பதவிசு லாங் டிராவலுக்கு அழகுதான். ஹாய்ஸ்டில் எனக்கு அது ஒட்டாது.

ஸ்பிரிங்கை முறுக்கினால் பாதுகாப்பு என்பவர்களோடுதான் சமரசமே இல்லை. முழுச்சுமை டார்க்கைப் போல ஒன்றரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு. அதற்கு மேல் முறுக்கினால் காயில் முழுசாகத் தூக்காது. லைனிங் உரசித் தீய்ந்த வாடை வரும். உண்மையான வைத்தியம் ஃபீலர் கேஜில் இருக்கிறது. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடுகிறது, திறக்கும் நேரமும் நீள்கிறது; டிரைவில் எழுதிய மில்லிசெகண்ட் பழசாகிவிடுகிறது. இடைவெளியைச் சரிசெய்தால் இரண்டும் சேர்ந்து நேராகும்.

சேலம் உருக்காலை ஓடத் தொடங்கிய 1980-களில் கிரேன் என்றால் ஸ்லிப் ரிங் மோட்டாரும் ரெசிஸ்டன்ஸ் பாக்ஸும்தான். ஓடுகிற சுமையைப் பிரேக்கே பிடித்தது. லைனிங் தேய்ந்ததில் நியாயம் இருந்தது. டிரைவ் வந்தபின் கதை வேறு. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசிகளிலும் பஸ்ஸைக் கியரில் பிடித்தே இறக்கும் டிரைவர் போல, மோட்டாரே வேகத்தை அடக்க வேண்டும். பிரேக்கின் வேலை தாங்குவது. கரன்ட் போனால் மட்டுமே பிடிப்பது.

இப்போதோ லேப்டாப்பில் வேறொரு கிரேனின் பாராமீட்டரை அப்படியே ஏற்றி, வெறும் கொக்கியை இரண்டு முறை ஆட்டிக் காட்டிக் கையெழுத்து கேட்கிறார்கள். வெறும் கொக்கியில் எல்லாப் பிரேக்கும் நல்ல பிரேக்தான். முழுச்சுமையைத் தூக்கி, நடுவில் நிறுத்தி, மறுபடி தூக்கிக் காட்டட்டும். பேனாவை அப்புறம் எடுக்கலாம்.