தலைப்பில் விடுபட்ட அழுத்தம்

'அறை வெப்பநிலையில் மீக்கடத்தி' என்ற செய்தித் தலைப்பை நம்பி, மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் "இனி மின்சாரம் துளியும் வீணாகாது" என்று எழுதியிருந்தார். மொழிக்குத் தாராளமாகப் புள்ளி போட்டேன். கருத்துக்குப் போட மனம் வரல. ஆனாலும் பிழை அவருடையது மட்டுமா? தலைப்பில் அழுத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே!

மீக்கடத்தியில் மின்தடை அறவே இல்லை. ஹைட்ரஜன் மிக லேசான அணு, வேகமாக அதிரும். அந்த அதிர்வு எலக்ட்ரான்களை இணை சேர்க்க உதவும் என்பதால்தான், ஹைட்ரஜன் மிகுந்த சேர்மங்களை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நசுக்குகிறார்கள்.

2015இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழு எடுத்துக்கொண்டது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அதேதான். சுமார் 150 கிகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1.5 மில்லியன் மடங்கு. −70 பாகை செல்சியசில் மின்தடை மறைந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த படி. ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியத்தை வைத்தார்கள். அதிர்வுதான் காரணம் என்றால் வெப்பநிலை இறங்க வேண்டும். இறங்கியது. தன் கூற்று எங்கே உடையும் என்று தானே தட்டிப் பார்த்த கட்டுரை அது.

2020இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரிலிருந்து ரங்கா டயஸ் குழுவின் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது: கார்பன், கந்தகம், ஹைட்ரஜன் சேர்ந்த பொருள், 15 பாகை, 267 கிகாபாஸ்கல். நாம் விவாதக் கட்டுரையில் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்போம்: எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? அந்தப் பொருளின் கட்டமைப்பு என்ன என்பதற்கே அதில் பதில் இல்லை. காந்த அளவீட்டில் பின்னணியைக் கழித்த விதம் குறித்துக் கேள்விகள் எழ, 2022இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த மார்ச்சில் அதே குழுவின் லூட்டீசியம் கட்டுரை. அழுத்தம் வெறும் 1 கிகாபாஸ்கலாம்! நவம்பரில் அதுவும் போச்சு. திரும்பப் பெறக் கேட்டவர்கள், எழுதிய 11 பேரில் 8 பேர்.

இதனால் துறையே பொய் என்று தாவிவிடக் கூடாது. லாந்தனம் ஹைட்ரைடு 170 கிகாபாஸ்கலில் −23 பாகை வரை மீக்கடத்தியாக இருப்பதை 2019இல் மைன்ஸ் குழு வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழு ஒன்றும் அதே சேர்மத்தில் ஏறக்குறைய அதே வெப்பநிலையைக் கண்டது.

அந்த மாணவரின் தாளை இன்னும் திருப்பித் தரவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பது ஒரே கேள்வி: "எந்த அழுத்தத்தில், தம்பி?"