கைகளுக்குள் மறைந்த முகம்

முதியவர் ஒருவர் மர நாற்காலியில் குனிந்து அமர்ந்திருக்கிறார். முழங்கைகள் தொடைமேல் ஊன்றியிருக்கின்றன. இறுக மூடிய கைகளுக்குள் முகம் மறைந்து கிடக்கிறது. வழுக்கைத் தலையும், ஒட்டுப்போட்ட காற்சட்டையும், கனத்த காலணிகளுமே நமக்குத் தென்படுகின்றன. 1882 நவம்பரில், ஹேக் நகரில், வின்சென்ட் வான்கோ பென்சிலால் தீட்டிய படம் இது. அவர் இதற்கு இட்ட ஆங்கிலப் பெயரை 'ஓய்ந்து தளர்ந்தவர்' எனத் தமிழில் சொல்லலாம். இதற்கு முன்னோட்டமாக அவர் வரைந்த இன்னொரு படமும் ஹாலந்தில் ஒரு குடும்பத்தாரிடம் இருந்தது. அதுவும் அவர் கைவண்ணமே என்று ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகம் 2021-இல் உறுதி செய்தது.

காண்போர் பலரும் இதனை 'விரக்தியின் வடிவம்' என்று சொல்லிவிடுகின்றனர். 1890 ஜூலையில் வான்கோவின் வாழ்வு முடிந்த விதத்தை நாம் அறிவோம். அந்தத் துயர முடிவை எட்டு ஆண்டுகள் பின்னோக்கி இழுத்துவந்து இந்த முதியவரின் முதுகில் ஏற்றிவிடுகிறோம். இது நேர்மையான பார்வை ஆகுமா?

நாற்காலியில் இருப்பவர் ஸைடர்லாந்து என்னும் முன்னாள் போர்வீரர், முதியோர் இல்லவாசி, வான்கோ பலமுறை வரைந்தவர். கூலிக்காகவே அவர் அவ்வாறு அமர்ந்தார். (அவ்வேளை அவர் நினைவு மாலை உணவில் இருந்திருந்தாலும் வியப்பில்லை.) ஆனால் ஓவியரின் நினைவு எங்கிருந்தது என்பதற்குச் சான்று உண்டு. கணப்படுப்பின் ஓரத்தில் அமைதியாய் அமர்ந்திருக்கும் ஏழை முதியவரின் தோற்றமே, இறைவனும் நித்தியமும் உண்டென்பதற்கு வலிய சான்று என்ற கருத்தைத் தம்பி தியோவுக்கு அப்போது அவர் எழுதினார். இதே தோற்றத்தைக் கல்லச்சில் பதித்தபோது 'நித்தியத்தின் வாயிலில்' என்னும் பெயரையும் தந்தார். 1879-இல், பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கத் தொழிலாளர் நடுவே போதகராய் இருந்து, தம் உடைகளையும் அவர்களுக்கு ஈந்து, பின்னர் அப்பணி புதுப்பிக்கப்படாமல் வெளியேறியவர் அவர். போதனையை விட்டவர் அந்த மக்களை விடவில்லை.

'பின்-மனப்பதிவியம்' என்னும் கலைத்தொகுப்பில் வான்கோவைச் சேர்ப்பது நம் வழக்கம். அந்தப் பெயரோ 1910-இல் ராஜர் ஃப்ரை சூட்டியது. இப்படத்தை விளங்கிக்கொள்ள அது உதவாது. பாரீஸின் ஒளியை வான்கோ கண்டது 1886-க்குப் பிறகே. இங்கே அவருக்கு ஆசான்கள், உழவரை வரைந்த மில்லேயும், 'கிராஃபிக்' என்னும் லண்டன் இதழின் செதுக்கோவியர்களுமே. ஆலயத்தில் அமர்ந்திருக்கும் முதிய போர்வீரர்களை ஹெர்கோமர் 1871-இல் அவ்விதழுக்கு வரைந்தார். அது வான்கோவின் நெஞ்சை விட்டு அகலவில்லை. அத்தகைய இதழ்ப்பணி தமக்கும் கிட்டுமென அவர் நம்பியிருந்தார். ஆங்கிலப் பெயருக்கு அதுவும் காரணம்.

கருவிகளும் எளியவையே. தச்சரின் தடித்த பென்சில், சொரசொரப்பான தாள், கரி உதிராதிருக்கத் தெளித்த பாலும் நீரும். மென்மைக்கு இங்கு இடமில்லை. முதுகின் வளைவில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அழுந்தியுள்ளன. முன்னோட்டப் படத்தில் பின்னணி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

1890 மே மாதம், சேன் ரெமி மனநல இல்லத்தில், வான்கோ இந்த முதியவரை மீண்டும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். நீல உடை, எரியும் கணப்படுப்பு. ஒட்டர்லோவில் உள்ள அப்படமே உலகப் புகழ் பெற்றது. நம் மனம் பென்சில் படத்தையே நாடுகிறது. வண்ணப்படத்தில் ஓவியரின் சொந்த வேதனை முதியவர்மேல் படிந்துவிட்டது. 1882-இல் அவர் எதையும் தீர்ப்பிடவில்லை. அழுகிறாரா, மன்றாடுகிறாரா, வெறுமனே களைத்திருக்கிறாரா? மூடிய அந்தக் கைகளை விலக்கிப் பார்க்க அவர் முயலவே இல்லை.