தலைகீழாய்ப் பிடித்த கிதாரும் பறிபோன பெயரும்

‘கிதார் எடுக்கணும்னு உங்களுக்கு ஆசை மூட்டியது யார்?’ இந்தக் கேள்வியை வைத்து இசைப் பத்திரிகைகள் சலிக்காமல் பட்டியல் போடுகின்றன. எரிக் கிளாப்டன் வருவார், ஜிம்மி பேஜ் வருவார், கீத் ரிச்சர்ட்ஸ் வருவார், ஜார்ஜ் ஹாரிசன் வருவார். கறுப்பர்களில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டாயம் உண்டு, பி.பி. கிங்குக்கும் ஓர் இடம் கிடைக்கும். அதோடு கதவு சாத்தப்படும். ஒரு கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த இரவில் கிதார் பழகும் மாணவத் தோழர் ஒருவர் இதே பெயர்களை மனப்பாடமாய் ஒப்பித்தார். ‘சரி தம்பி, இவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?’ என்று கேட்டேன். ‘அவங்களாவே கத்துக்கிட்டாங்க தோழர்’ என்றார். யாரும் தானாய் முளைப்பதில்லை. தானாய் முளைத்ததாகச் சொல்லப்படுகிற இடத்திலெல்லாம் யாரோ ஒருவருடைய பெயர் வெட்டப்பட்டிருக்கிறது என்பது நமக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.

1950களின் நடுவில் இங்கிலாந்தின் பையன்கள் ஆயிரக்கணக்கில் கிதார் வாங்கினார்கள். ‘ஸ்கிஃபிள்’ என்ற இசைதான் காரணம். துணி துவைக்கிற பலகை ஒன்று, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய வாத்தியம் ஒன்று, மூன்று ‘கார்ட்’ பிடிக்கத் தெரிந்த ஒரு கிதார், இவ்வளவு இருந்தால் போதும். அதன் நாயகர் லானி டோனிகன். 1956இல் அவருடைய ‘ராக் ஐலண்ட் லைன்’ பெரும் வெற்றி பெற்றது. ஹாரிசனும் பேஜும் அந்த அலையில் கிதாரைத் தொட்டவர்கள்தான். ஆனால் அந்தப் பாட்டு 1934இல் ஆர்கன்சா மாநிலச் சிறையில் கறுப்பினக் கைதிகள் பாட, ஜான் லோமாக்ஸ் பதிவு செய்தது. அவரோடு போயிருந்தவர் லெட் பெல்லி. அவரும் சிறையிலிருந்து வெளிவந்த கறுப்பர், பன்னிரண்டு கம்பிக் கிதார்க்காரர். அவர் பாடிப் பாடித்தான் அந்தப் பாட்டு கடல் தாண்டியது. அவரோ 1949இலேயே செத்துப்போனார். இந்தக் கடனை ஹாரிசன் மறைக்கவில்லை, பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். மறைத்தது பட்டியல்.

இதே ஸ்கிஃபிள் அலையில் 1957இல் இன்னொரு பாட்டு வெற்றி பெற்றது. ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’, அதாவது சரக்கு ரயில். பாடியவர்கள் சாஸ் மெக்டெவிட் குழுவினரும் நான்சி விஸ்கியும். இயற்றியவர்கள் என்று வேறு இரண்டு ஆண்களின் பெயர்கள் பதிவாகியிருந்தன. அதை உண்மையில் இயற்றியவர் அந்நேரம் அமெரிக்காவில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். எலிசபெத் காட்டன் என்பது அவர் பெயர்.

அந்தப் பெயரையே அவர்தான் தனக்கு வைத்துக்கொண்டார். வீட்டில் ‘குட்டித் தங்கச்சி’ என்பது மாதிரி ஒரு விளிப்புதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியர் பெயர் கேட்டபோது, ‘எலிசபெத்’ என்று தானே சொல்லிக்கொண்டாராம். நம்மில் எத்தனை பேருக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் யார் யாரோ பெயர் எழுதினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

வட கரோலினாவின் கார்பரோவில் பிறந்தவர். அண்ணன் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவருடைய பாஞ்சோவை எடுத்துத் திருட்டுத்தனமாய்ப் பழகினார். படிப்பை விட்டுச் சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனார். தொடக்கத்தில் மாதச் சம்பளம் முக்கால் டாலர். சேர்த்துவைத்து வாங்கிய கிதாரின் விலை மூணே முக்கால் டாலர். கணக்குப் போட்டால் ஐந்து மாதக் கூலி. சிறுமியாய் இருந்தபோதே, வீட்டுப் பக்கம் போகும் ரயிலைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டைக் கட்டினார்.

இடக்கைக்காரர். இடக்கைக்காரர்கள் கம்பிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டிக்கொள்வது வழக்கம். இவர் மாற்றவில்லை, கிதாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். கனத்த கம்பிகள் கீழே போயின, மெல்லிய கம்பிகள் மேலே வந்தன. எல்லோரும் கட்டைவிரலால் கனத்த கம்பிகளை அடித்துத் தாளம் வைத்து, மற்ற விரல்களால் மெட்டை எடுப்பார்கள். இவரிடம் ஆட்காட்டி விரல் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, கட்டைவிரல் மெட்டைப் பாடியது. கேட்டுப் பாருங்கள்: அடியில் ரயில் சீராக ஓடும், மேலே மெட்டு அழுத்தமாய், அவசரப்படாமல் வரும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத கை தனக்குத் தோதாய் ஒரு வழி வெட்டிக்கொண்டது. அந்த வழிக்கு இன்று அவர் பேரையே வைத்திருக்கிறார்கள்.

விரல் மீட்டு பழக வருகிறவர்களுக்குப் பல ஊர்களில் முதல் பாடமாகக் கொடுக்கப்படுவது இந்தச் ‘சரக்கு ரயில்’தான். கிதாரை நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரலைத் தாளத்துக்கு அனுப்பி, ‘சரியான’ முறையில் கற்பிக்கிறார்கள். கற்பித்துவிட்டுப் போகட்டும். ஏகலைவன் கதையில் சீடனுடைய கட்டைவிரலைக் குரு கேட்டான். இங்கே சீடர்கள் கூடிக் குருவின் கட்டைவிரலை வாங்கிக்கொண்டார்கள். அதைத் தெரிந்தாவது வாசிக்கலாம் அல்லவா?

அவரைப் பற்றி எழுதும்போது ‘கண்டுபிடிக்கப்பட்டார்’ என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல்லின் அரசியலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தேவாலயத்தில் ‘உலக’ இசை ஆகாது என்று சொன்னதால் அவர் பல பத்தாண்டுகள் கிதாரைத் தொடவில்லை. பிறகு வாஷிங்டன் பகுதியில் ஒரு பெரிய கடையில், தொலைந்துபோன குழந்தை ஒன்றைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர், குழந்தை பெகி சீகர். இசை அறிஞர்களின் குடும்பம், முற்போக்கான குடும்பம். ஏழைகளின் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேகரித்த அந்த வீட்டில் இவர் சமைத்தார், துடைத்தார். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து வாசித்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சேகரிப்பதற்கு ஊர் ஊராய் அலைந்தவர்களுக்கு அடுப்படியில் நின்றவரின் கை தெரியவில்லை. பாட்டைப் பெகிதான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கேதான் பெயர் பறிபோனது.

நியாயமாய் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மைக் சீகர் காட்டனின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார். 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை அவர் பெயரில் இசைத்தட்டாய் வெளியிட்டது. பாட்டின் உரிமைக்காகவும் அந்தக் குடும்பம் துணை நின்றது. அறுபதைத் தாண்டிய வயதில் ஒரு வேலைக்காரப் பெண் மேடை ஏறினார். 1985இல் கிராமி விருது வாங்கும்போது அவருக்குத் தொண்ணூறு வயதளவில். 1987இல் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ்க் கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022இல்.

அவர் ஒருவர் கதை மட்டுமா இது? மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சபைப் பாட்டை அதிரடித்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப், 1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் வாசித்தார். பிரிட்டிஷ் இளைஞர்கள் எதிர் நடைமேடையில் உட்கார்ந்து பார்த்தார்கள், தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. 1973இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் புதைகுழிக்கு ஒரு பெயர்க்கல் இல்லை. இவர் புகழ்க் கூடத்துக்குள் போனது 2018இல்.

பிறரிடமிருந்து எடுத்துக்கொள்வது குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று உரக்கச் சொல்லிவிட்டு எடுத்தார்கள். சொல்லாமல் எடுப்பதுதான் களவு.

இந்த அளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். நான் பறை எடுத்தவன். யாரைப் பார்த்து எடுத்தேன் என்று கேட்ட மேடைகளில் பெரிய கலைஞர்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. அவர்கள் தலைநிமிர்ந்து அடித்ததைப் பார்த்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் சின்னையா ஒருத்தர் இருந்தார். சாவுக்கு அடித்தார். ஆசைப்பட்டு எடுக்கவில்லை, ஊர் கையில் திணித்தது. காட்டன் ஐந்து மாதக் கூலியைப் போட்டுத் தானே வாங்கினார். சின்னையாவுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட இல்லை. அவரைப் பார்த்து எனக்கு ஆசை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பிற்பாடு பட்டறையில் நான் பாடுபட்டுப் பழகிய அடி, சின்ன வயசில் காதைப் பொத்திக்கொண்டு கேட்ட அவருடைய அடிதான் என்று விளங்கப் பல வருசம் ஆச்சு.

இன்று நகரத்துப் பட்டறைகளில் யார் யாரோ பறை பழகுகிறார்கள். நல்லது. ஆனால் ‘யார் சொல்லிக் குடுத்தா?’ என்றால் பட்டறை நடத்துகிறவர் பெயர்தான் வருகிறது. அவருக்கு அடி சொன்ன ஊர்க் கிழவரின் பெயர் வருவதில்லை. இன்னொரு பட்டியல் தயாராகிறது. அதை எழுதுவதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சின்னையாவின் பெயரை இங்கே அச்சில் போட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மகனிடம் கேட்டேன். டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறான். ‘எழுதுண்ணே, ஆனா நான் வீடு மாறுற வரைக்கும் பொறுத்துக்க’ என்றான். பெயர் போடாததற்கு இங்கே இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. பொறுக்கிறேன். ஆனால் இனி எந்த மேடையில் இந்தக் கேள்வி வந்தாலும், நான் முதலில் சொல்லப்போவது சாவுக்கு அடித்த ஒருவரைப் பற்றித்தான்.