வாயு தப்பாமல் பீர் அடைக்கும் கருவி

வீட்டிலே பீர் காய்ச்சுவதை வரியின்றி அனுமதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் 1978-ஆம் ஆண்டு கையொப்பமிட்டதிலிருந்து அமெரிக்க இல்லங்களில் பெருகி வளர்ந்திருக்கும் இந்தக் கலையில், தானியத்தை ஊறவைத்துக் காய்ச்சுவதும் புளிக்கவைப்பதும் நூலறிவாலும் சிரத்தையாலும் கைவந்துவிடும். ஆனால் 19 லிட்டர் கொள்ளும் கெக் என்னும் எஃகுப் பீப்பாயில் குளிரவைத்து வாயு ஏற்றிய பீரை, அந்த வாயு குன்றாமல் பாட்டிலுக்கு மாற்றுவது அனுபவஸ்தர்களையும் அலைக்கழிக்கும் காரியம். போட்டிக்கோ நண்பர் வீட்டுக்கோ கெக்கையே தூக்கிச் செல்வது சாத்தியமில்லையாதலால், இதற்கென்றே கடைகளில் விற்கும் எதிரழுத்த நிரப்பியை வாங்கி நெடுநாள் உபயோகித்துப் பார்த்தேன்.

திரவத்தில் கரைந்து நிற்கும் வாயுவின் அளவு, அதன்மேல் அந்த வாயு செலுத்தும் அழுத்தத்தைப் பொறுத்தது என்பது 1803-இல் வில்லியம் ஹென்றி வெளியிட்ட விதி. குளிர்ச்சி மிகுந்தால் கரையும் அளவும் மிகும். 38 டிகிரி பாரன்ஹீட் குளிரில், சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில், ஒரு லிட்டர் பீர் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் கரியமில வாயுவைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். அத்தகைய பீரை, அழுத்தமும் குளிர்ச்சியும் இல்லாத வெறும் பாட்டிலில் வேகமாக விழச்செய்தால், அடங்கியிருந்த வாயு நுரையாகப் பொங்கி வெளியேறுவதோடு, அந்த இடத்தில் புகும் பிராணவாயு சில வாரங்களில் பீருக்கு நனைந்த அட்டையின் ருசியை உண்டாக்கிவிடுகிறது.

இதைத் தடுக்கும் எதிரழுத்த நிரப்பியின் அமைப்பு எளியது. நீண்ட எஃகுக் குழாய், அதைச் சூழ்ந்து பாட்டிலின் வாயை இறுக மூடும் ரப்பர் அடைப்பான், வாயுவுக்கு ஒரு வால்வு, பீருக்கு ஒரு வால்வு, உள்ளிருப்பதை வெளியே விடச் சிறு திருகு ஒன்று. முதலில் கரியமில வாயுவைச் செலுத்திக் காற்றை விரட்டிவிட்டுத் திருகை மூடினால், பாட்டிலுக்குள்ளும் கெக்கிலுள்ள அதே அழுத்தம் நிறைகிறது. பிறகு பீர் வால்வைத் திறந்தாலும் பீர் அசைவதில்லை. இரு பக்கமும் சமமாயிருக்கையில் அது எங்கே போகும்? திருகை மயிரிழை அளவு தளர்த்தியதும், பாட்டிலின் அடியிலிருந்து பீர் சலனமின்றி மெள்ள மேலெழும்பி, கழுத்தை அடையும்போது விரற்கடை நுரையை மட்டும் தலையில் தாங்கி நிற்கும் காட்சி, இத்தொழிலை நேசிப்பவர் கண்ணுக்கு மகா ரம்மியமானது. நிரம்பியபின் திருகை அவசரமாகத் திறந்தால் அத்தனை பிரயாசையும் நுரையாகிவிடும். அழுத்தத்தைச் சிறுகச் சிறுக விட்டு, குழாயை உருவியதும், எழும்பும் நுரையின் மேலேயே மூடியை வைத்து இறுக்கிவிட வேண்டும்.

குறையும் உண்டு. ஒரு கை அடைப்பானை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொரு கை மூன்று இடங்களை ஆள வேண்டியிருப்பதால், துணைக்கு ஒருவர் இல்லாமல் வேலை ஓடுவதில்லை. முடிந்தபின் வால்வுகளைக் கழற்றிக் கழுவிக் கிருமிநாசினியில் நனைப்பது இன்னொரு வேலை. இதற்கு மாற்றாக உள்ள பிளிக்மன் நிறுவனத்தின் பீர்கன் என்னும் கருவியோ, பாட்டிலை அடைக்காமல், வாயுவால் காற்றை விரட்டிவிட்டு, நீண்ட மெல்லிய குழாய் வழியே குறைந்த அழுத்தத்தில் அடியிலிருந்து நிரப்புவது. ஒரே கையால் இயக்கலாம். சாதாரண வாயு அளவுள்ள ஏல் வகைகளுக்கு அதுவே போதும். தன் கொள்ளளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வாயு ஏறிய ஜெர்மானியக் கோதுமைப் பீருக்கோ, மாதக்கணக்கில் வைத்திருக்கும் பீருக்கோ எதிரழுத்தமே உத்தமம் என்பது என் தீர்மானம்.

எந்தக் கருவியானாலும், பாட்டில்களை முன்னதாகவே குளிர்பதனப் பெட்டியில் கெக்கின் குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து, நிரப்பும் குழாயையும் குளிர்ந்த பீரை ஓடவிட்டுச் சில்லிட வைக்காவிட்டால், நுரையை அடக்க இயலாது. அன்றிரவே அருந்தப் போகிறவருக்கு இவ்வளவு ஏற்பாடும் அநாவசியம். கெக்கின் அழுத்தத்தைக் குறைத்து, குழாய்முனையில் பாட்டிலின் அடிதொடும் ரப்பர்க் குழாய் ஒன்றைச் செருகிக்கொண்டால் போதும். எதிரழுத்த நிரப்பி வாங்குகிறவர்கள் அழுத்தமானி பொருந்தியதையே கேட்டு வாங்குங்கள். கீறலோ விரிசலோ கண்ட பாட்டிலை ஒருபோதும் அழுத்தத்துக்கு உட்படுத்தாதீர்கள். நிரப்பும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள்.