தண்டின் பெயரால் நின்ற புலவர்: புறநானூறு 243ஐ வாசித்தோர்

புறநானூற்றின் 243ஆம் பாடலை இளமை நிலையாமை கூறும் அறப்பாட்டாகக் கொள்வாரே மிகுதி. முதுமையால் நினைவு தேய்தலைக் கூறும் பாட்டாகக் கொள்ளவும் இன்று நமக்குத் தோன்றக்கூடும். இவ்விரு கருத்துகளுக்கும் பாட்டு எந்த அளவுக்கு இடந்தருகிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

பாட்டின் பொருள் தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி, நீராடும் மகளிரொடு கைகோத்து, ஒளிவுமறைவற்ற தோழரோடு திரிந்து, நீரைத் தொடுமாறு தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்நீரில் குதித்து, அடிமணலை அள்ளிவந்த இளமையை ஒரு முதியவர் எண்ணி இரங்குகிறார். இன்றோ கையில் பூண் கட்டிய தடி, உடம்பில் நடுக்கம், இருமலுக்கிடையே சில சொற்கள். அந்த இளமை எங்குளது என்பதே அவர் கேள்வி.

இதனை மறதிப் பாட்டு என்பது பொருந்தாது. முதியவர் எதனையும் மறக்கவில்லை. கிளை எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதுகூட அவர் நினைவில் உள்ளது. தாம் சில சொல்லே பேச இயன்றவர் என்று கூறுபவர், ஆற்றங்கரைக் காட்சியை இடையில் எங்கும் நிறுத்தாமல் ஒரே வாக்கியமாக அடுக்கிச் செல்கிறார். இருமல் இன்றைய நாளில் மட்டுமே இருக்கிறது. நினைவுக்குள் அது நுழையவில்லை. அண்மை நினைவுகள் முதலில் அழியும், தொன்மை நினைவுகள் நெடிது நிற்கும் என்று பிரெஞ்சு உளவியலறிஞர் தியோடூல் ரிபோ 1881இல் எழுதினார். இப்பாடலின் அமைப்பு அதற்கு ஒத்துப்போகிறது என்பது உண்மையே. ஆயினும் அதனைக்கொண்டு சங்கப் புலவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது வாசிப்பு ஆகாது.

மறந்தவர் புலவர் அல்லர், அவரை வாசித்தோரே. அவர்தம் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் வரும் தடியைக்கொண்டு தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை வழங்குகிறோம். பாட்டின் சொற்றொடரால் புலவரைச் சுட்டும் வழக்கம் தொகை நூல்களுக்குப் புதிதன்று. செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் முதலியோர் அவ்வாறு பெயர் பெற்றோரே. ஆனால் செம்புலப்பெயனீராருக்குப் பெயராக வந்தது அவர் பாட்டின் மிகச் சிறந்த உவமை. அந்த அளவுகோலின்படி நம் புலவருக்கு நீரில் குதித்ததனாலோ மணல் அள்ளியதனாலோ பெயர் அமைந்திருக்க வேண்டும். பெயரிட்டோர் கண்ணில் பட்டது தடி. பாட்டுக்கு நமக்குத் தெரிந்த முதல் வாசக எதிர்வினை இதுவே. அதில் ஒரு முதியவரை அவர் கைத்தடியாகவே காணும் பழக்கம் வெளிப்படுகிறது என்பது நம் எண்ணம்.

அடுத்த எதிர்வினை இன்னும் நுட்பமானது. துறை வகுத்தோர் இதனைப் பொதுவியல் திணையில் கையறுநிலை என்றனர். கையறுநிலை இறந்தாரை எண்ணி இரங்கும் துறை. 242ஆம் பாடல் ஒல்லையூர்ச் சாத்தன் மறைவைப் பாடுவது; 245ஆம் பாடல் மனைவியை இழந்த சேர மன்னனின் புலம்பல். இவற்றிடையே வைக்கப்பட்ட நம் பாட்டில் இறந்தவர் எவருமிலர். இறந்தது ஒருவரின் இளமை. இளமையின் நீக்கத்தை ஒரு மரணமாகவே கண்ட அப்பழைய வாசகரை நாம் பெரிதும் மதிக்கிறோம். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அத்துறைக்குறிப்பும் அச்சேறியது. எனினும் வகுப்பறைகளில் அது பேசப்படுவது அரிது. நிலையாமை அறமே எளிதில் கைகொடுக்கிறது. இளமைக்குப் புலவர் தரும் அடை கல்வியறியாமையைச் சுட்டுவது. ஆசிரியர்களாகிய நமக்கு அது சற்றுச் சங்கடந்தான்! அந்த அறியாமையை அவர் கடியவில்லை, ஏங்குகிறார் என்பதைச் சொல்லாமல் பாட்டை நடத்த இயலாது.

பேராக் மாநிலத்தில் இப்பாட்டு வேறொரு கனத்தோடு ஒலிக்கிறது. கோலகங்சாரில் 1877இல் ரப்பர் நடப்பட்ட மாநிலம் இது. சுங்கை சிப்புட், பாகான் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு ஆறும் மரக்கிளையும் ஏட்டுக் காட்சிகள் அல்ல. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக்குட்டையில் குதித்து வீட்டில் அடிவாங்கியோரும் உளர். ஈய விலை 1985இல் சரிந்தபின் லம்பங்கள் ஓய்ந்தன. பால்மரங்கள் பலவிடத்தும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன, லயங்கள் இடிந்தன.

இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. சங்கப் புலவரின் கேள்வி இளமையைப் பற்றியதே. மருத மரமும் ஆழ்நீரும் போய்விட்டதாக அவர் கூறவில்லை. நம் தோட்டத்து முதியவர்க்கு இரண்டும் இல்லை. காலையில் உண்டதை மறந்த மூதாட்டி, பிரட்டுக்களத்தையும் தாம் மங்கு வைத்த நிரையையும் மரம் மரமாகச் சொல்லும்போது, சுட்டிக்காட்ட இடமில்லாமையால் அது பிதற்றலாகவே கேட்கப்படுகிறது. மலாய்மொழியின் ஞாஞ்யுக் என்னும் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. (1911இல் மனநல மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தானின் பெயரையே ஏளனச் சொல்லாக்கிய நம்மவர் நாவை இவ்விடத்தில் எண்ணாதிருக்க முடியவில்லை.) தோட்டத்து மூதாட்டி கூறுவனவற்றுள் எது நினைவு, எது நோயின் தடுமாற்றம் என்று பிரித்தறிய, அத்தோட்டத்தை அறிந்த ஒருவர் அருகில் வேண்டும். அத்தகையோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.

கரையில் நின்று வியந்தோரைப் புலவர் பாட்டினுள் கொணர்ந்ததன் காரணம் இவ்விடத்தில் விளங்குகிறது. அவர்கள் சாட்சிகள். அடியைத் தொட்டதற்குக் கையிலுள்ள மணல் சான்று. மூழ்கியதை அவர் கூறினால் மட்டும் போதவில்லை. கண்டோர் இருந்தனர் என்பதும் கூறப்பட வேண்டியிருந்தது.

இறுதியாக ஒரு சொல்லாட்சி. முதியவர் தம்மைப் பன்மையில் கூறுகிறார். இதனைப் புலவர் மரபான தன்மைப் பன்மை என்று கொள்வது எளிது. ஒளிவுமறைவற்ற அப்பழைய தோழருள் எஞ்சியோர் உடனிருந்து இருமுகின்றனர் என்று கொள்வதே பாட்டுக்கு அணுக்கமானது என்று நாம் கருதுகிறோம். கைகோத்து நீராடிய மகளிர் அப்பன்மையுள் அடங்குவரா என்பதைப் பாட்டு கூறவில்லை.