வில்லும் மூச்சும்: யூரோவிஷன் இளம் இசைக்கலைஞர் போட்டி

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1982ஆம் ஆண்டு மான்செஸ்ரர் நகரில் ஆறு நாடுகளுடன் தொடக்கிவைத்த இளம் இசைக்கலைஞர் போட்டி, பெரும்பாலும் ஈராண்டுக்கொரு முறை தொலைக்காட்சியில் நிகழ்ந்து வந்துள்ளது. அதன் பெறுபேறுகளை நிரல்பட நோக்குவோர்க்கு வியப்பான உண்மையொன்று புலனாகும். 1982 தொடக்கம் 2006 வரை நடந்த 13 போட்டிகளுள் ஏழில் வயலினும், நான்கில் பியானோவும், இரண்டில் செலோவும் வென்றன. துளைக்கருவி ஒன்றேனும் வெல்லவில்லை.

துளைக்கருவியாளர் திறமை குன்றியவர் என இதனாற் கொள்ளலாமா? கொள்வதற்கில்லை. இப்போட்டிக்கு முன்மாதிரியாய் அமைந்தது 1978இல் பி.பி.சி. தொடங்கிய போட்டியாகும். அங்கு நரம்புக்கருவி, பியானோ, மரத்துளைக்கருவி, பித்தளைக்கருவி என வகுத்து, வகைக்கொருவரை இறுதிச் சுற்றுக்கு அனுப்பினர். முதலாண்டில் வென்றவர் ட்ரொம்போன் வாசித்த மைக்கேல் ஹெக்ஸ்ட். 1980இல் வென்றவர் ஓபோ வாசித்த நிக்கலஸ் டானியல். ஐரோப்பியப் போட்டியிலோ நாட்டுக்கொருவர் என்பதே விதி. வகைப் பாகுபாடு மறைந்ததும் துளைக்கருவிக்கு இருந்த அரணும் மறைந்தது.

இறுதிச் சுற்றில் பெருவாத்தியக் குழுவுடன் வாசித்தல் வேண்டும் என்பது மற்றொரு தடை. பிராம்ஸ் பியானோவுக்கும் வயலினுக்கும் கொன்சேட்டோக்கள் இயற்றினார். முதுமையிற் கிளாரினெற்றின்பாற் கொண்ட காதலையோ 1891இல் ஆக்கிய ஐவர்குழு இசை போன்ற சிறுகுழு ஆக்கங்களிலேயே கொட்டினார். சக்சபோன் காப்புரிமை பெற்றதே 1846இல். மொஸார்ட்டும் பீத்தோவனும் அதனைக் கண்டிலர். ஆகவே நடுவர் எடைபோடுவது கலைஞரை மட்டுமன்று. அவர் கருவிக்கு வரலாறு விட்டுச்சென்ற செல்வத்தையுமாம்.

வயதும் நோக்கற்பாலது. 1974இற் பிறந்த யூலியன் ராக்லின் 1988இலும், 1983இற் பிறந்த யூலியா ஃபிஷர் 1996இலும் வயலினால் வென்றனர். மூச்சை ஆளும் கலையோ நுரையீரல் வளரக் காத்திருப்பது. (சிறு பிராயத்து மேதையைக் காட்டுவதிற் கமராவுக்குள்ள ஆசையைச் சொல்ல வேண்டியதில்லை.) 2008இல் துளைக்கருவிக்கு முதல் வெற்றி ஈட்டித்தந்த கிரேக்கக் கிளாரினெற் கலைஞர் டயோனிசிஸ் கிராமெனொஸ் பிறந்தது 1989இல்.

அதன்பின் 2010இற் புல்லாங்குழலும் 2016இற் சக்சபோனும் வென்றமை மெய்யே. எனினும் 2018இற் பியானோவும், 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வயலினுமே மீண்டும் வென்றன. நடுவரின் செவி விரிந்திருக்கலாம், விதி மாறவில்லை. இறுதிச் சுற்றிற் சிறுகுழு இசைக்கும் இடமளிக்கப்படுமாயின், பிராம்ஸின் அந்த ஐவர்குழு இசையைக் கையிற்கொண்டு ஒரு கிளாரினெற் கலைஞர் வயலினுக்கு நிகராய் மேடையேற இயலும்.